கத்துக்குட்டிச் சரிவு ஏன் முதலில் உருகுது?

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

என் சித்தி பொண்ணு மியூனிக்ல எம்.எஸ். படிக்கிறா. போன வருஷம் ஈஸ்டர் லீவுக்கு நான் அங்க போயிருந்தேன். "அண்ணா, நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் கிளாஸ்ல எல்லாரும் ஸ்கீயிங் போறாங்க. நான் மட்டும்தான் போகல"ன்னு சொன்னா. நான் உடனே பெரிய மனுஷன் மாதிரி, "இடத்தை நான் பாக்குறேன், நீ லீவு மட்டும் போடு"ன்னுட்டேன். அவ ஒரு கஃபேல பார்ட் டைம் வேலை பாக்குறா. நாலு நாள் சம்பளத்தை விட்டுட்டுத்தான் கிளம்பினா.

நான் எப்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? அழகான கிராமம், மர வீடுகள், குறைஞ்ச வாடகை. வெப்சைட்ல "மலை உச்சியில் 140 சென்டிமீட்டர் பனி"ன்னு போட்டிருந்தது. போதும்னு புக் பண்ணிட்டேன். போய் இறங்கினா, கிராமத்துப் பக்கத்துல இருந்த கத்துக்குட்டிகளுக்கான சரிவு பச்சைப் பசேல்னு இருக்கு. புல்லு. நடுவுல அழுக்குத் துணியை விரிச்ச மாதிரி ஒரு பட்டை பனி, அவ்வளவுதான்.

ஸ்கீ ஸ்கூல்காரங்க வேற வழியில்லாம, புதுசா கத்துக்க வந்தவங்களையும் கேபிள் கார்ல உச்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க பனி இருந்தது. ஆனா சரிவு, முதல் நாள் ஸ்கீ மாட்டினவங்களுக்கானது இல்ல. மத்தியானம் 3 மணிக்கு மேல பனி இளகி, அரைச்ச மாவு மாதிரி ஆயிடுச்சு. தங்கச்சியோட ஒரு ஸ்கீ அதுல மாட்டிக்கிச்சு, உடம்பு மட்டும் திரும்பிச்சு. முழங்கால் தசைநார்ல அடி. மீட்புக்காரங்க ஸ்லெட்ஜ்ல படுக்க வச்சு கீழ இறக்கினாங்க. மூணு வாரம் ஊன்றுகோல். கஃபே வேலையும் போச்சு.

ஆஸ்பத்திரியில அவ என்னைத் திட்டல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது. "பனிதான் இருந்துச்சே அண்ணா, அப்புறம் எங்க தப்பாச்சு?"ன்னு மட்டும் கேட்டா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோட். தேடிப் போனா அது வானிலைக் கதையா இல்ல, ஒரு வரலாற்றுக் கதையா இருந்தது. கத்துக்குட்டியை எங்க நிறுத்தணும்னு யாரோ 90 வருஷத்துக்கு முன்னாடி எடுத்த முடிவு, என் தங்கச்சி முழங்கால் வரைக்கும் வந்திருக்கு.

பள்ளத்தாக்கில் பிறந்த பள்ளிக்கூடம்

முதல்ல ஒரு விஷயம். ரிசார்ட்னு சொன்னதும் ஈ.சி.ஆர்.ல நீச்சல் குளத்தோட இருக்குற இடத்தை நினைக்காதீங்க. ஸ்கீ ரிசார்ட்னா ஒரு ஊரு, அதுக்கு மேல இருக்குற மலை, ரெண்டையும் இணைக்கிற லிஃப்ட்டுகள், எல்லாம் சேர்ந்தது. அதனால "எந்த ரிசார்ட்?"னு கேட்டா, அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஊரு எந்த உயரத்துல? மலை எந்த உயரத்துல? நான் ரெண்டாவதை மட்டும் பார்த்தேன்.

ஸ்கீ என்கிற பலகை நார்வே, ஸ்வீடன் பக்கம் ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. அங்க அது பனியில ஊர் விட்டு ஊர் போறதுக்கான வாகனம். ஆனா ஆல்ப்ஸ் மலை ரொம்பச் செங்குத்து. நார்வேக்காரங்களோட முறை அங்க அப்படியே சரிப்பட்டு வரல. 1890கள்ல ஆஸ்திரியாவுல மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் லிலியன்ஃபெல்ட் என்கிற சின்ன ஊர்ல தனியா உட்கார்ந்து, செங்குத்துச் சரிவுல வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்குறது எப்படின்னு ஒரு முறையை உருவாக்கினார். கையில ஒரே ஒரு நீளக் கழி. அதை எழுதி 1890களின் இரண்டாம் பாதியில் புத்தகமாவும் போட்டார். வியன்னாவிலிருந்து ரயில்ல வந்தவங்களுக்குக் காசு வாங்காம சொல்லிக்கொடுத்தார். 1905 மார்ச் 19 அன்று அவர் அங்கே நடத்திய போட்டியைத்தான் ஸ்லாலம் பந்தயத்தின் ஆரம்பம்னு பலரும் சொல்றாங்க.

இங்க ஒரு விவரத்தைக் கவனிங்க. லிலியன்ஃபெல்ட் ஊரோட உயரம் 400 மீட்டர்கூட இல்ல. மார்ச் மாசம் பாதி தாண்டின பிறகும் பக்கத்து மலையில பந்தயம் நடத்துற அளவுக்கு அன்னைக்கு அங்க பனி இருந்திருக்கு.

அடுத்தது ஹான்னஸ் ஷ்னைடர். 1890ல் ஆர்ல்பெர்க் மலைப் பகுதியில் இருக்கிற ஸ்டூபன் கிராமத்தில் பிறந்தவர். 1907ல், 17 வயசுல, பக்கத்து ஊரான சாங்க்ட் ஆன்டன்ல ஒரு ஹோட்டல், விருந்தாளிகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுக்க அவரை வேலைக்கு எடுத்தது. முதல் உலகப் போர்ல மலைப்படை வீரர்களுக்கு அவசர அவசரமா ஸ்கீ கத்துக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த அனுபவத்துல அவர் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டார். எல்லாரையும் ஒண்ணா நிறுத்திச் சொல்லிக்கொடுத்தா யாருக்கும் ஏறாது. படிப்படியாப் போகணும்.

1920களின் தொடக்கத்தில் சாங்க்ட் ஆன்டன்ல அவர் ஆரம்பிச்ச ஸ்கீ பள்ளி அப்படித்தான் நடந்தது. முதல்ல ரெண்டு ஸ்கீயோட முனையையும் உள்பக்கமாச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஒரு முக்கோணம் மாதிரி வச்சு மெதுவா இறங்குறது. இன்னைக்கும் உலகம் முழுக்க முதல் நாள் சொல்லிக்கொடுக்குறது இதைத்தான். அது வந்த பிறகுதான் அடுத்த வகுப்பு. ஆர்ல்பெர்க் முறைன்னு இதுக்குப் பேர். 1938ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடிச்சதும் அவரைக் கைது பண்ணினாங்க. 1939ல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்ச் சேர்ந்தார். முறையும் அவரோடவே கடல் தாண்டிப் போச்சு.

சரி, இந்த முக்கோண நடையைப் பழக என்ன மாதிரி இடம் வேணும்? லேசான சரிவு. கீழ தானா நின்னுடுற மாதிரி ஒரு சமதளம். ஹோட்டலுக்குப் பக்கத்துல இருந்தா இன்னும் நல்லது. அப்படி ஒரு இடம் மலைக்கிராமத்துல எங்க கிடைக்கும்? கோடையில மாடு மேயுற, வைக்கோலுக்காகப் புல் வளர்க்குற, ஊருக்கு அடியில இருக்குற மேய்ச்சல் நிலம். அதாவது, இருக்குறதுலயே தாழ்வான இடம்.

மேலே வல்லவர்கள், கீழே "முட்டாள் மேடு"

ஆரம்பத்துல இதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஏன்னா அன்னைக்கு லிஃப்ட்டே கிடையாது. எல்லாரும் நடந்து ஏறித்தான் இறங்கணும். கத்துக்குட்டிகள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வருவாங்க. வசந்த காலம் வேற ஆளுங்களுக்கு. ஆங்கிலேயரான ஆர்னால்ட் லன், பனிச்சரிவு ஆபத்து அதிகம் இருக்குற நடு குளிர்காலத்தை விட, பனி இறுகி அடங்கிய வசந்த காலம்தான் உயர்ந்த மலைகள்ல ஸ்கீ போக நல்ல நேரம்னு விடாம வாதாடினார். அது தேர்ந்த மலையேறிகளுக்குச் சொன்ன வார்த்தை. சீசன் கடைசியில புதுசா ஒருத்தர் கத்துக்க வருவார்னு யாரும் திட்டம் போடல.

1930கள்ல லிஃப்ட்டுகள் வந்தன. 1934 டிசம்பர் 24ஆம் தேதி, ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் ஊர்ல, பொல்கன் என்கிற லேசான சரிவுல எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்கிற பொறியாளர் ஒரு இழுவை லிஃப்ட்டைத் திறந்தார். மேல ஓடுற கம்பிவடத்துல தொங்குற ஒரு கொக்கியில பின்பக்கத்தை முட்டுக்கொடுத்து நின்னா, ஸ்கீயோட அப்படியே மேல இழுத்துட்டுப் போகும். இன்னைக்கு இருக்குற எல்லா இழுவை லிஃப்ட்டுக்கும் இதுதான் முன்னோடி. கத்துக்குறவங்களுக்கு இது பெரிய வரம். ஒரு நாளைக்குப் பத்து தடவை இறங்கிப் பழகினவங்க இப்போ அதைவிடப் பல மடங்கு பழகலாம்.

அதே காலத்துல இன்னொரு வகை இயந்திரமும் வந்தது. 1937ல் சாங்க்ட் ஆன்டன்ல கால்ட்ஸிக் கேபிள் கார். ஊரு 1,300 மீட்டர் உயரம். கேபிள் கார் போய்ச் சேர்ற இடம் கிட்டத்தட்ட 2,185 மீட்டர். ஒரே தூக்குல வல்லவர்களைக் கொண்டுபோய் உயரத்துல விட்டுடும்.

இப்ப படத்தைப் பாருங்க. மேல கேபிள் கார், வல்லவர்கள். கீழ ஊருக்குப் பக்கத்துல இழுவை லிஃப்ட், கத்துக்குட்டிகள். நடுவுல செங்குத்து. இந்த அமைப்பு அப்படியே ஆல்ப்ஸ் முழுக்க ஊர் ஊராப் பரவிச்சு. ஜெர்மன் பேசுறவங்க அந்தக் கீழ் சரிவுக்கு வச்ச கிண்டல் பேரு என்ன தெரியுமா? "இடியோட்டன்ஹ்யூகல்". முட்டாள் மேடு!

உயரம் ஏற ஏற எவ்வளவு குளிரும்? மோட்டாமோட்டா, ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. ஏப்ரல்ல 2,300 மீட்டர்ல 2 டிகிரி இருந்தா, 1,000 மீட்டர்ல 10 டிகிரி. உச்சியில 140 சென்டிமீட்டர் பனி இருக்குங்கிற தகவல் பொய்யே இல்ல. ஆனா அது வல்லவர்களுக்கான தகவல். முட்டாள் மேடு பத்தி அந்த எண் ஒண்ணும் சொல்லல. உண்மையான முட்டாள் அந்த மேட்டுல இல்ல, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருந்தேன்.

ஊரையே மேலே தூக்கிவைத்தவர்கள்

வேற யாரும் வேற மாதிரி யோசிக்கலையா? யோசிச்சாங்க.

அமெரிக்காவுல யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவர் ஆவெரல் ஹாரிமன், தன் ரயில்ல ஆள் ஏற ஒரு காரணம் வேணும்னு நினைச்சார். 1935-36 குளிர்காலத்துல ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ச் என்கிற ஆஸ்திரியப் பிரபுவை, மேற்கு அமெரிக்கா முழுக்கச் சுத்தி ஒரு ஸ்கீ இடம் தேடச் சொன்னார். அவர் பல மலைகளைப் பார்த்து, ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை சொல்லி, கடைசியில ஐடஹோ மாநிலத்துல கெட்சம் என்கிற ஊர்ல நின்னார். சன் வேலி ரிசார்ட் பிறந்தது. உலகத்தின் முதல் நாற்காலி லிஃப்ட் 1936ல் அங்கேதான் ஓடிச்சு. வடிவமைச்ச ஜிம் கரன், அதுக்கு முன்னாடி கப்பல்ல வாழைத்தார் ஏத்துற கம்பிவட இயந்திர வேலையில இருந்தவர். தார் மாட்டுற கொக்கிக்குப் பதிலா நாற்காலி, அவ்வளவுதான். அந்த முதல் லிஃப்ட்டுகள் போனது செங்குத்து மலைக்கு இல்ல. டாலர், ப்ராக்டர் என்கிற சாதுவான குன்றுகளுக்கு. டாலர் மவுன்டன் இன்னைக்கும் கத்துக்குறவங்களோட மலை. கத்துக்குட்டிக்குத் தனியா ஒரு மலையே கொடுத்தாங்க.

பிரான்ஸ் இன்னும் பெரிய காரியம் பண்ணிச்சு. லோரான் ஷாப்பி என்கிற கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போர்ல போர்க்கைதியா ஆஸ்திரியாவுல அடைபட்டிருந்தப்போ, சவாய் மலைப் பகுதியில ஸ்கீ ஊர்களை எப்படிக் கட்டலாம்னு உட்கார்ந்து திட்டம் போட்டார். 1946ல் கூர்ஷெவெல் வேலை ஆரம்பமாச்சு. பழைய கிராமத்தை விரிவாக்காம, மரங்கள் முடியுற எல்லைக்குப் பக்கத்துல, காலி மலையில புதுசா ஊரைக் கட்டுற முறை. 1960கள்ல பிரெஞ்சு அரசு இதையே தேசியக் கொள்கையா எடுத்துக்கிட்டு "பிளான் நேஜ்", அதாவது பனித் திட்டம்னு பேர் வச்சது. லா பிளான், லெஸ் ஆர்க், அவோரியாஸ், ஃப்ளேன்னு வரிசையா வந்தன. 1970களின் தொடக்கத்துல வால் தோரன்ஸ், 2,300 மீட்டர். நம்ம ஊட்டி 2,240. ஊட்டிக்கும் மேல, ஸ்கீக்காகவே கட்டின ஒரு ஊரு.

இந்த ஊர்கள்ல கட்டடங்கள் எல்லாம் ஒரு சமதளத்தைப் பார்த்து நிக்கும். வீட்டு வாசல்லயே பனி. கார் பின்பக்கம். அந்தச் சமதளத்துல கத்துக்குட்டிகள். பிரெஞ்சுல அந்த இடத்துக்கு "கிரெனுய்யேர்"னு பேரு. தவளைகள் இருக்குற இடம்! கூட்டம் கூட்டமா விழுந்து எழுந்து குதிக்குறதாலயோ என்னவோ. முட்டாளை விடத் தவளை பரவாயில்லை. முக்கியமானது என்னன்னா, தவளைக்குட்டை இப்போ 2,000 மீட்டருக்குப் பக்கத்துல போயிடுச்சு. ஏப்ரல் மூணாவது வாரத்துலயும் அங்க பனி இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

அந்த உயரத்துக்குக் கொடுத்த விலையைச் சொல்லாம விட முடியாது. டீன்ய் என்கிற ஊர் இன்னைக்கு 2,100 மீட்டர்ல இருக்கு. ஆனா பழைய டீன்ய் கிராமம் கீழ பள்ளத்தாக்குல இருந்தது. போருக்குப் பிறகு பிரான்சுக்கு மின்சாரம் வேணும். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பிரம்மாண்டமா ஒரு அணை கட்டினாங்க. கிராமத்து ஆளுங்க எதிர்த்தாங்க, போலீஸ் வந்தது. கல்லறைகளைத் தோண்டி, தாத்தா பாட்டியோட எலும்புகளை வேற இடத்துக்கு மாத்தினாங்க. 1952 வசந்தத்துல கிராமம் தண்ணிக்குள்ள போச்சு. பழைய தேவாலயத்தைப் போலவே ஒண்ணை மேல கட்டினாங்க. அதுக்கும் மேல, ஏரிக்கரையில எழும்பினதுதான் இன்னைக்கு நாம "டீன்ய்ல பனி நல்லா இருக்கும்"னு சொல்ற ஸ்கீ ஊரு. ஆய்வுக்காக அணையை வடிச்ச வருஷங்கள்ல, பழைய கிராமத்தோட இடிபாடுகளைப் பார்க்க முன்னாள் ஊர்க்காரங்க இறங்கிப் போயிருக்காங்க. சீசன் கடைசியில எனக்கு ஒரு நல்ல பனிச்சரிவு கிடைக்குதுன்னா, அதுக்குக் கீழ ஒரு ஊரு இருக்கு.

எதிர்ப்பும் வளர்ந்தது. மலை முழுக்கக் கான்கிரீட்டான்னு கேள்வி வந்தது. 1977ல் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேங் வால்லூயிஸ்ல பேசின உரையோட, காலி மலையில பெரிய பெரிய ஊரா எழுப்புற காலம் முடிவுக்கு வந்தது. ஆக, உயரமான தவளைக்குட்டைகள் ஒரு குறிப்பிட்ட 30 வருஷத்தோட விளைச்சல். அதுக்கு அப்புறம் அப்படி அதிகம் கட்டல. நாம தேர்ந்தெடுக்குறது அந்தப் பழைய பட்டியலிலிருந்துதான்.

பீரங்கி ஏன் ஏப்ரல்ல உதவாது?

நீங்க கேக்கலாம்: "அதான் செயற்கைப் பனி இருக்கே?" இருக்கு. அதுக்கும் ஒரு கதை இருக்கு.

1949-50 குளிர்காலத்துல அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துல பனி சரியா விழல. உலோக ஸ்கீ செஞ்சு விக்கிற ஒரு சின்னக் கம்பெனி தவிச்சுப் போச்சு. பனி இல்லாம யார் ஸ்கீ வாங்குவா? அங்க வேலை பார்த்த வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி மூணு பேரும் 1950 மார்ச்ல ஒரு காற்று கம்ப்ரஸர், தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துற ஹோஸ் பைப், ஒரு ஸ்ப்ரே மூக்கு, இதை வச்சு உறையுற குளிர்ல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாங்க. தரையில பனி விழுந்தது. அதே மாநிலத்துல மோஹாக் மலையை நடத்தின வால்ட் ஷோன்க்நெக்ட், அதுக்குச் சற்று முன்னாடி வரைக்கும் ஐஸ் கட்டியை லாரியில கொண்டுவந்து உடைச்சு, சரிவுல கொட்டிட்டு இருந்தவர். அவர் மலைதான் முதல் சோதனைக்களம் ஆச்சு.

இன்னைக்கு ஆல்ப்ஸ்ல பனிப் பீரங்கி இல்லாத ரிசார்ட் அபூர்வம். ஆனா பீரங்கி, பனியைச் சும்மா உருவாக்காது. தண்ணித்துளி தரைக்கு வர்றதுக்குள்ள உறையணும். அதுக்குக் காத்து பூஜ்ஜியத்துக்குக் கீழயோ, ரொம்ப வறண்டோ இருக்கணும். நவம்பர், டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல அது நடக்கும். ஏப்ரல் பகல்ல, 1,000 மீட்டர் பள்ளத்தாக்குல நடக்காது. அங்க கடைசியில நாம பாக்குற அந்த வெள்ளைப் பட்டை, ஜனவரியில அடிச்சு வச்ச பனியோட மிச்சம். நான் பார்த்த அழுக்குத் துணி அதுதான்.

2023ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் ஆய்விதழ்ல வந்த ஒரு ஆய்வு, 28 ஐரோப்பிய நாடுகள்ல 2,234 ஸ்கீ ரிசார்ட்டுகளைக் கணக்கெடுத்தது. உலகம் 2 டிகிரி சூடானா, செயற்கைப் பனி இல்லாத நிலையில 53 சதவீத ரிசார்ட்டுகளுக்குப் பனித் தட்டுப்பாட்டு ஆபத்து மிக அதிகம். 4 டிகிரின்னா 98 சதவீதம். தாழ்வா இருக்குறவங்களுக்குத்தான் அடி முதல்ல.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்குறது?

இப்ப நான் வரலாற்றுல கத்துக்கிட்டதை நாலு கேள்வியா மாத்துறேன். போன வருஷம் நான் கேக்காம விட்ட நாலு கேள்வி.

ஒண்ணு: கத்துக்குட்டிச் சரிவு எத்தனை மீட்டர் உயரத்துல இருக்கு? மலை உச்சி இல்ல, ஊர் உயரம்கூட இல்ல. அந்த ஒரு சரிவு. ஏப்ரல்னா 1,800, 2,000 மீட்டருக்கு மேல இருந்தா நல்லது. டீன்ய், வால் தோரன்ஸ் மாதிரி ஊரே உயரத்துல இருக்கலாம். ஆஸ்திரியாவுல ஓபர்குர்கல் கிட்டத்தட்ட 1,930 மீட்டர். இல்லைன்னா ஸ்விட்சர்லாந்தின் ஸெர்மாட் மாதிரி, ஊரு கீழ இருந்தாலும், பழகுற இடத்தை 2,288 மீட்டர்ல சுன்னெகாவுல வச்சிருக்கலாம். காலையில ரயில்ல ஏறிப் போய்ப் பழகலாம்.

ரெண்டு: திரும்பி எப்படி இறங்குறது? மேல பழகின பிறகு, லிஃப்ட்லயே கீழ வர முடியுமா, இல்ல ஸ்கீல இறங்கித்தான் ஆகணுமா? கத்துக்குட்டிக்கு இது உயிர்க் கேள்வி. ஆஸ்திரியாவுல, ஸ்விட்சர்லாந்துல நீலம், சிவப்பு, கருப்புன்னு மூணு நிறம்தான் பொதுவா. பிரான்ஸ்ல நீலத்துக்கும் கீழ பச்சை உண்டு. "நீலம்னா ஈஸி"ன்னு நினைச்சு ஏறினா, அந்த நீலத்துக்குள்ள ரொம்ப ஈஸியும் இருக்கும், என் தங்கச்சி விழுந்த மாதிரி இடமும் இருக்கும்.

மூணு: சரிவு எந்தத் திசையைப் பார்க்குது, வகுப்பு எத்தனை மணிக்கு? வடக்குப் பார்த்த சரிவுல பனி நிக்கும், தெற்குப் பார்த்தா சீக்கிரம் உருகும். ஏப்ரல்ல விடிகாலை கண்ணாடி மாதிரி ஐஸ், பத்து பதினோரு மணிக்கு அருமையா இளகும், மத்தியானம் மாவு. அதனால காலை வகுப்பு போதும். மத்தியானம் டீ குடிங்க. தைரியம் காட்ட வேண்டாம்.

நாலு: பனியாறு இருக்குன்னு சொன்னா மயங்காதீங்க. ஹின்டர்டுக்ஸ் மாதிரி 3,250 மீட்டர் வரை போற பனியாறுகள்ல வருஷம் முழுக்க ஸ்கீ போகலாம். ஆனா உயரம் வேற, லேசான சரிவு வேற. பலமா காத்து அடிச்சா லிஃப்ட்டை நிறுத்திடுவாங்க. பழகுறதுக்குன்னே தனி இடம் இருக்கான்னு அங்கயும் கேக்கணும்.

ஈஸ்டர் தேதியையும் பார்த்துக்கோங்க. 2024ல் மார்ச் 31, 2025ல் ஏப்ரல் 20, இந்த 2026ல் ஏப்ரல் 5. "ஈஸ்டருக்குப் போனோம், நல்லா இருந்துச்சு"ன்னு ஃப்ரெண்ட் சொன்னா, எந்த வருஷ ஈஸ்டர்னு கேளுங்க.

இதுல ஒரு கசப்பும் இருக்கு. உயரமான ஊர்ல எல்லாமே விலை அதிகம். தாழ்வான கிராமத்துல வாடகை குறைச்சல். ஸ்டூடண்ட் ஒருத்தர் கத்துக்கணும்னா அங்கதான் கட்டுப்படியாகும். மலைக்குப் பக்கத்து நகரத்துப் பிள்ளைங்க எல்லாம் தலைமுறை தலைமுறையா அப்படிப்பட்ட மேட்டுலதான் கத்துக்கிட்டாங்க. அந்த மேடுகள் ஒவ்வொண்ணா உருகினா, ஸ்கீயிங் கத்துக்குறது காசுள்ளவங்க காரியமா சுருங்கிடும்.

போன வருஷம் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், ஐம்பது வயசு இருக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாங்க. நான் அவங்ககிட்ட கொஞ்சம் கோவமாத்தான் பேசினேன். "ஏன் மேல கூட்டிட்டுப் போனீங்க?" அவங்க சொன்னது எனக்கு மறக்கல. "கீழ பனி இருந்தா நான் ஏன் மேல போறேன்? நான் அந்தக் கீழ் சரிவுல கத்துக்கிட்டவ. எங்க அம்மாவும் அங்கதான். நீங்க ஜனவரியில வந்திருக்கணும்." ஒரு நிமிஷம் கழிச்சு, "இல்ல, தப்பு எங்க மேலயும் இருக்கு. உச்சிப் பனி அளவை மட்டும் போட்டா ஆளு வரும்னு போடுறோம்"னாங்க.

இந்த ஏப்ரல் முதல் வாரம் நாங்க மறுபடியும் போறோம். இடத்தை இந்தத் தடவை தங்கச்சிதான் தேர்ந்தெடுத்தா. பிரான்ஸ்ல ஒரு உயரமான தவளைக்குட்டை. ஹோட்டலுக்கு அவளே போன் பண்ணி, கத்துக்குட்டிச் சரிவோட உயரம் என்ன, வடக்கா தெற்கா, லிஃப்ட்ல கீழ வரலாமான்னு வரிசையாக் கேட்டா. போனை வச்சுட்டு என்கிட்ட ஒண்ணு சொன்னா: "இங்க முக்கோணத்தைக் கத்துக்குறேன். அடுத்த ஜனவரியில அந்த டீச்சர்கிட்டயே ரெண்டாவது கிளாஸ். அவங்க மேட்டுல. பனி இருந்தா."

பனி இருந்தா. பார்ப்போம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. முழங்காலைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க.